முன்கூடத்தைப் பார்க்காதீர்கள், குதிகாலைப் பாருங்கள்!

செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கு அருகே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

தகப்பனாருக்கு 78 வயது. ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன ஆண்டு பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்து விட்டன. பேச்சு பாதிதான் வருகிறது. தாயார் காலமாகி விட்டார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மகள் சிங்கப்பெருமாள் கோவிலில் பள்ளிக்கூட ஆசிரியை. காலை 8 மணிக்குப் புறப்பட்டால் மாலை 5 மணிக்குத்தான் வீடு திரும்புவாள்.

பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் வந்தார். இரண்டு மாதத்தில் நின்று விட்டார். அடுத்து வந்தவர் பதினைந்தே நாளில் நின்று விட்டார்.

"நல்ல இடமாக ஒன்று பார் அக்கா. பணம் நான் அனுப்புகிறேன்" என்று தம்பி போனில் சொல்கிறான்.

"பெற்ற தகப்பனை முதியோர் இல்லத்தில் விட்டு விட்டாள்" என்று ஊர் பேசுமே என்ற பயம் ஒரு பக்கம். பூட்டிய வீட்டுக்குள் தகப்பனார் தனியாகக் கிடக்கிறாரே என்ற பயம் இன்னொரு பக்கம். ஊரின் வாயை யாரும் மூட முடியாது. ஆகவே அதை விட்டு விடுவோம். இடம் பார்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறாள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கே இருந்து கடற்கரைச் சாலை. சவுக்குத் தோப்புக்கு நடுவே, கடல் காற்று வீசும் இடத்தில், வெள்ளை அடித்த ஒரு கட்டிடம். வாசலில் பூந்தொட்டிகள். உள்ளே பளபளக்கும் தரை. சுவரில் சாமி படம், பெரிய டெலிவிஷன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து கை கூப்புகிறார். அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுக்கிறார். மாதக் கட்டணம் இவ்வளவு, வாரம் ஒருமுறை டாக்டர், சைவ உணவு, தோட்டம், பஜனை.

மகளுக்குத் திருப்தி. முன்பணம் கொடுத்து விடலாமா என்று நினைக்கிறாள்.

அவள் இதுவரை பார்த்தது என்ன? முன்கூடம். தகப்பனார் அந்த முன்கூடத்தில் வாழப் போவது இல்லை. பின்னால் உள்ள ஒரு அறையில், ஒரு கட்டிலில், ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் படுத்து இருக்கப் போகிறார்.

ஒரு சொல்லை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் ஆஸ்பத்திரி. சில நாள் படுத்து, குணமாகி வீட்டுக்கு வரும் இடம். முதியோர் இல்லத்திலோ மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் இருக்க வேண்டும். நடமாடும் முதியவர்களை மட்டும் சேர்க்கும் இல்லங்கள் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, நர்சு வைத்துப் பார்க்கும் இல்லங்களும் உண்டு. நாம் பேசுவது இந்தக் கடைசி வகையைப் பற்றி. ஏமாற்றம் அதிகம் நேர்வது இங்கேதான்.

மூன்று கேள்விகள்

வைத்தியம் நல்லதா, கெட்டதா என்று எடை போடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு டாக்டர் இருந்தார். பெயர் அவேடிஸ் டோனபீடியன். பெய்ரூட் நகரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். 1966-ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகிகள் படிக்கிறார்கள்.

அவர் சொன்னதைச் சமையல் அறைக் கணக்காகச் சொல்லலாம். அடுப்பும் பாத்திரமும் இருக்கின்றனவா? இது முதல் கேள்வி. சமைக்கிறார்களா, எப்படிச் சமைக்கிறார்கள்? இது இரண்டாவது. சாப்பிட்டவன் வயிறு நிறைந்ததா? இது மூன்றாவது.

அச்சடித்த தாளில் இருப்பது எல்லாம் முதல் கேள்விக்குப் பதில். கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, டாக்டர் வருகிறார். மற்ற இரண்டு கேள்விகளுக்கு எந்தத் தாளிலும் பதில் இராது. அங்கே ஏற்கெனவே படுத்து இருப்பவர்களின் உடம்பில்தான் இருக்கும்.

முதுகு சொல்லும்

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதல் எதிரி படுக்கைப் புண்.

அது எப்படி வருகிறது? உடம்பின் பாரம் எலும்பு முட்டும் இடங்களில் போய் அழுத்துகிறது. முதுகுத் தண்டு முடிகிற இடம், இடுப்பின் இரு பக்கம், குதிகால், முழங்கை, பின்னந்தலை. அழுத்தம் விழும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. ரத்தம் போகாத சதை செத்துப் போகிறது. நாம் தூங்கும்போது நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். பக்கவாதக்காரரால் புரள முடியாது. வேறு ஒருவர் வந்து புரட்டி விட வேண்டும்.

முதலில் தோல் நிறம் மாறும். சிவந்த மேனி என்றால் சிவப்பாகத் தெரியும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காது. நம்மைப் போன்ற கருத்த மேனியில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் அதிகக் கறுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கும். அப்போதே கண்டுபிடித்துப் பாரத்தை எடுத்து விட்டால் பெரும்பாலும் ஆறி விடும். விட்டு விட்டால் தோல் உடையும். பிறகு குழி விழும். எலும்பு தெரியும் அளவுக்கும் போகும். சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

அந்த இடத்தைத் தேய்த்து விடுவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். அது தவறு. நொந்த சதையை அது மேலும் நோகடிக்கும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வைப்பதும் தவறு. வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்தம் வராமல் செய்து விடும்.

நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் நோயைக் குறை சொல்லாதே, கவனிப்பைக் குறை சொல் என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 160 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி விட்டார். இன்றைய டாக்டர்கள் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறார்கள். சாகும் தறுவாயில், உடம்பு முழுவதும் தளர்ந்து விட்டவர்களுக்கு, எவ்வளவு கவனித்தாலும் சில புண்கள் வந்து விடும் என்கிறார்கள். சரிதான். ஆனால் ஒரு இல்லத்தில் பத்துப் பேர் படுத்து இருந்து, அவர்களில் நாலைந்து பேருக்குப் புண் என்றால் அது நோயின் குற்றமாக இருக்க முடியாது.

இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்சு இதை ஆராய்ந்தார். யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே சொல்ல 1962-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். பள்ளிக்கூட மார்க் போன்ற எளிய கணக்கு. உடல்நிலை, மனநிலை, எழுந்து நடமாடுவது, கை கால் அசைப்பது, மலஜலம் அடக்குவது. இந்த ஐந்துக்கும் ஆளுக்கு 1 முதல் 4 வரை மார்க். மொத்தம் 20. மார்க் 14 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து.

நம் செங்கல்பட்டுத் தகப்பனாருக்குப் போட்டுப் பார்ப்போம். உடல்நிலை சுமார், 3. புத்தி தெளிவு, 4. நாற்காலியோடு சரி, 2. கை கால் அசைவு மிகக் குறைவு, 2. சில நேரம் அடக்க முடிவது இல்லை, 3. கூட்டினால் 14. இன்னும் புண் வரவில்லை. ஆனால் வரக்கூடியவர்.

ஆகவே மகள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள்? எழுதி வைக்கிறீர்களா?"

வழக்கமான விதி இரண்டு மணிக்கு ஒருமுறை. நல்ல மெத்தை இருந்தால் டாக்டர் இந்த நேரத்தைக் கூட்டிச் சொல்லலாம். கட்டில் அருகே ஒரு தாள் தொங்க வேண்டும். 10 மணி, இடப்பக்கம். 12 மணி, மல்லாந்து. 2 மணி, வலப்பக்கம். அந்தத் தாளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், நாளைக் காலை வரைக்கும் இன்றே எழுதி வைத்து இருந்தால் புரட்டியது தாளைத்தான், ஆளை அல்ல.

காற்று மெத்தை இருக்கிறதே, பிறகு ஏன் புரட்ட வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். காற்று மெத்தை உதவி செய்யும். ஆள் செய்யும் வேலையை அது செய்யாது.

திருமணியில் ஒரு கை குலுக்கல்

அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்ற இந்த விஷயத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை ஏற்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை எடுத்து, தொழுநோய்க் கல்வி, ஆராய்ச்சி நிலையம் ஆக்கியது. அந்தக் காலத்தில் அது ஆண்டுக் கணக்கில் நோயாளிகள் தங்கிக் கிடந்த இடம். வீட்டாரால் கைவிடப்பட்டவர்கள் பலர். நோயாளிகளின் விரல்கள் மடங்கிப் போகும். பாதத்தில் புண் வரும். விரல்கள் குறைந்துகொண்டே போகும். இது நோயின் குணம், சதை அழுகுகிறது, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று உலகம் முழுவதும் நினைத்துக்கொண்டு இருந்தார்கள்.

1947-ல் வேலூரில் இருந்து ஒரு இளம் டாக்டர் அங்கே வந்தார். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர், ஆனால் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். எலும்பு அறுவை வைத்தியர். திருமணியைச் சுற்றிக் காட்டியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன், தோல் நோய் நிபுணர்.

மடங்கிய கைகளை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்த பிராண்ட், இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். காக்ரேனுக்குக் கோபமே வந்து விட்டது. எலும்பு வைத்தியர் நீங்கள்தான். இத்தனை லட்சம் பேரின் கையைப் பற்றி உங்கள் வைத்தியர்களில் ஒருவராவது ஆராய்ந்தது உண்டா என்று திருப்பிக் கேட்டார்.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, "என் கையை அழுத்து" என்றார். செத்த கை என்று எண்ணியது இரும்புப் பிடியாகப் பிடித்தது. நகம் சதையில் பதிந்தது. பிராண்ட் வலியில் துடித்தார். பிடித்தவருக்கோ தான் வலிக்கச் செய்வதே தெரியவில்லை.

அந்தக் கணத்தில்தான் அவருக்குப் பொறி தட்டியது. கையில் பலம் இருக்கிறது. எல்லாத் தசையும் சாகவில்லை. போனது உணர்ச்சி மட்டும்!

அதன் பிறகு வேலூரில் பல ஆண்டுகள் உழைத்தார். நல்ல தசைநாரை எடுத்து மாற்றி வைத்து மடங்கிய விரலை நிமிர்த்தினார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் கண்டார். புண்ணுக்குக் காரணம் சதை அழுகுவது அல்ல. சூடான பாத்திரத்தைத் தொட்டால் சுடுவது தெரியவில்லை. செருப்பில் ஆணி குத்தினால் தெரியவில்லை. ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் அதுவும் தெரியவில்லை. நாம் வலித்ததும் காலை மாற்றிக் கொள்கிறோம். அவர்கள் மாற்றுவது இல்லை. ஆகவே புண்! மருந்தோடு கூட, பாரத்தைப் பரப்பும் மெத்தென்ற ரப்பர் செருப்பும் கொடுத்தார்கள். தினமும் பாதத்தைப் பார்க்கச் சொன்னார்கள். புண்கள் குறைந்தன.

படுக்கையில் கிடக்கும் முதியவரின் கதையும் இதேதான். நோயின் தலையில் போட்டு விடும் பழி பலவற்றுக்குக் காரணம் யாரும் தொட்டுப் பார்க்காததுதான்.

இரவு யார் இருக்கிறார்கள்?

பிராண்ட் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. சில நோயாளிகள் காலையில் எழுந்து பார்த்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போய் இருந்தது. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் இரவு முழுவதும் விழித்து இருந்து காவல் காத்தார்கள். இருட்டில் ஒரு எலி வந்தது. உணர்ச்சி இல்லாத விரலைக் கொறித்தது! அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஆளுக்கு ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

பகலில் எத்தனை டாக்டர் வந்து பார்த்தாலும் தெரிந்து இராது. இரவில் ஒருவர் விழித்து இருந்தார், தெரிந்தது.

முதியோர் இல்லத்திலும் இரவுதான் பரீட்சை. சிறுநீர் முட்டும், கூப்பிட்டால் ஆள் வர மாட்டார், தானே எழுந்து போகலாம் என்று கால் வைப்பார், விழுவார், இடுப்பு எலும்பு முறியும். வயதானவருக்கு இடுப்பு முறிந்தால் பிறகு பழையபடி நடப்பது கஷ்டம்.

ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு இல்லத்தில் படுத்த படுக்கையாக 30 பேர். இரவில் உதவியாளர் 2 பேர். ஒருவரைப் புரட்டி, துணி மாற்றி, சரியாகப் படுக்க வைக்க இரண்டு பேர் சேர்ந்து 10 நிமிடம் ஆகும் என்று வைத்துக் கொள்வோம். 30 பேருக்கு 300 நிமிடம். அதாவது 5 மணி நேரம்! இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுகிறோம் என்று அந்த இல்லம் சொன்னால், அந்த இரண்டு உதவியாளரும் மனிதர்களாக இருக்க முடியாது. 10 பேர் என்றால் 100 நிமிடம். அது நடக்கக்கூடிய காரியம்.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

ஆள் பற்றாத இடத்தில் இரண்டு குறுக்கு வழிகள் புகுந்து விடுகின்றன. ஒன்று, கட்டிலோடு கையைக் கட்டுவது. மற்றது, தூக்க மாத்திரை. "அப்பா இங்கே வந்த பிறகு நன்றாகத் தூங்குகிறார்" என்றால் மகிழ்ந்து விடக் கூடாது. என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது, எதற்காக என்று கேட்க வேண்டும். பகலிலும் கண் சொக்கி, வாய் ஓரம் எச்சில் வழிய உட்கார்ந்து இருந்தால் உடனே கேட்க வேண்டும். மணிக்கட்டைத் தடவிப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அந்த உதவியாளர்கள் யார்? சுற்று வட்டாரத்து ஏழைப் பெண்கள், வட மாநிலங்களில் இருந்து வந்த பிள்ளைகள். பிறர் பெற்றோரின் மலத்தை அள்ளுகிறார்கள். அவர்கள் எத்தனை காலமாக அங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்பது மிக நல்ல கேள்வி. மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்றால் நல்ல அடையாளம். எல்லாரும் போன மாதம் வந்தவர்கள் என்றால் பழைய ஆட்கள் ஏன் போனார்கள் என்று யோசிக்க வேண்டும். சம்பளத்தையும் தூக்கத்தையும் சரியாகக் கொடுக்காத இடத்தில் கருணை மட்டும் எங்கே இருந்து வரும்?

தட்டும் தம்ளரும்

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்ப்பது உத்தமம். ருசி பார்ப்பதற்காக அல்ல. ஊட்டுவதைப் பார்ப்பதற்காக.

பக்கவாதக்காரருக்கு விழுங்குவதும் சிரமமாக இருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் என்று ஊட்டினால் அரை மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத்தில் திணித்தால் சோறு மூச்சுக் குழாய்க்குள் போகும். அதனால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். ஊட்டிய கையோடு படுக்க வைப்பதும் ஆகாது. அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்து இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம் இன்னும் நுட்பமானது. வயதானால் தாகம் எடுப்பதே குறைந்து விடும். கேட்க மாட்டார்கள். கொடுத்தால் அடிக்கடி சிறுநீர் போகுமே, துணி மாற்ற வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கும் வழக்கம், இல்லங்களில் மட்டும் அல்ல, நம் வீடுகளிலேயும் உண்டு. நாக்கு வறண்டு, உதடு வெடித்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தால் அது தண்ணீர்ப் பஞ்சம். தம்ளர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலது கை விழுந்தவருக்கு வலது பக்கத்தில் தம்ளர் வைத்து இருந்தால் அது வந்து போகிறவர்கள் பார்வைக்கு வைத்த தம்ளர்.

மாதம் ஒருமுறை எடை போடுகிறார்களா? 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 3 கிலோ குறைந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

பல் செட், மூக்குக் கண்ணாடி, காது மிஷின். இந்த மூன்றும் அவரவருடையது அவரவரிடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு பரீட்சைதான். கழுவும்போது மாறிப் போன பல் செட்டை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல முடியாமல் பட்டினி கிடக்கும் முதியவர், "சாப்பாடு வேண்டாம்" என்றுதான் சொல்லுவார்.

கடற்கரை இல்லங்களைப் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமியை இந்தக் கரை பார்த்தது. 2022 டிசம்பர் 9-ந்தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை ஏறியது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓடும்? பிராணவாயு மிஷினில் இருப்பவரை என்ன செய்வார்கள்? படுத்து இருப்பவர்களை எங்கே, எந்த வண்டியில் கொண்டு போவார்கள்? "அதெல்லாம் கடவுள் பார்த்துக் கொள்வார்" என்பது பக்தி, பதில் அல்ல.

பதிவேடும் சட்டமும்

2018 பிப்ரவரியில், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூர் பக்கம் பாலேஸ்வரம் கிராமத்தில், ஆதரவற்றோருக்கான ஒரு கருணை இல்லம் பத்திரிகைகளில் அடிபட்டது. முதியவர்களை ஏற்றிய வேன் ஒன்றில் பிணமும் இருந்தது தெரிந்து கூச்சல் எழுந்தது. இறந்தவர்களின் உடலைச் சுவர் அறைகளில் வைக்கும் முறை பற்றிப் பெரிய சர்ச்சை மூண்டது. அதிகாரிகள் உள்ளே சென்றார்கள். அங்கே இருந்த முதியவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தவறு ஏதும் நடக்கவில்லை என்று நிர்வாகம் மறுத்தது.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் நடந்தது வேறு மாதிரி. அங்கே ஒரு ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரை உறவினர் தேடி வந்தார். ஆளைக் காணோம். வேறு ஊருக்கு அனுப்பி விட்டோம் என்றார்கள். அங்கேயும் இல்லை. ஆட்கொணர்வு மனு ஐகோர்ட்டுக்குப் போனது. அதிகாரிகள் சோதனை போட்டார்கள். உரிய அனுமதி இல்லாமல் நடந்தது தெரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசிடம் போனது.

இரண்டு இடங்களிலும் தெருவில் கிடந்தவர்கள்தானே பெரும்பாலும் இருந்தார்கள், பணம் கட்டிச் சேர்க்கும் நமக்கு என்ன என்று எண்ணக் கூடாது. குண்டலப்புலியூரில் காணாமல் போனவருக்கும் உறவு இருந்தது. உறவு தேடி வந்ததால்தான் விஷயமே வெளிவந்தது.

ஆகவே அனுமதிச் சான்றைக் கேளுங்கள். சான்று இருந்தால் போதாது, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். சேர்ந்தவர், வெளியே போனவர், இறந்தவர் என்று பதிவேடு இருக்க வேண்டும். உடம்பு மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள், யாருக்கு முதலில் போன் செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். கட்டணத்தில் எது சேர்த்தி, எது தனி என்பதையும்தான். டயப்பருக்குத் தனி, நர்சுக்குத் தனி, துவைப்பதற்குத் தனி என்று போகப் போக ஏறும் பில் பல குடும்பங்களைத் திணற அடித்து இருக்கிறது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. 60 வயது ஆனவர் மூத்த குடிமகன். ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கக்கூடிய இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று அது சொல்கிறது. இல்லங்களின் தரத்துக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது. தன் பொறுப்பில் உள்ள முதியவரை அடியோடு கைவிடும் எண்ணத்தில் எங்காவது விட்டு விட்டுப் போகிறவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது இல்லத்தில் விட்டு விட்டு எட்டிப் பார்க்காத பிள்ளைகளும் படித்துப் பார்க்க வேண்டிய பிரிவு.

முதியவருக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 14567 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.

இரண்டாவது முறை

முன்பணம் கொடுக்கும் முன் இரண்டாவது முறை போக வேண்டும். சொல்லாமல் போக வேண்டும். ஞாயிறு காலை வேண்டாம். எந்த இல்லமும் ஞாயிறு காலையில் அழகாகத்தான் இருக்கும். புதன்கிழமை மாலை 7 மணிக்குப் போகலாம்.

உள்ளே போனதும் மூக்கே முதலில் வேலை செய்யும். சிறுநீர் வாடை ஒரு கட்டில் அருகே மட்டும் அடித்தால் இப்போதுதான் நேர்ந்தது என்று அர்த்தம். வீடு முழுவதும் அடித்தால் தினமும் நேர்கிறது என்று அர்த்தம். பினாயில் வாடை மட்டுமே மூக்கைத் துளைத்தால் எதையோ மறைக்கிறது என்றும் கொள்ளலாம்.

போர்வையை விலக்கிப் பிறர் உடம்பைப் பார்ப்பது மரியாதை அல்ல. ஆனால் குதிகாலைப் பார்க்க யார் அனுமதியும் வேண்டியது இல்லை. அது போர்வைக்கு வெளியே தெரியும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கிறதா? நகம் வெட்டி இருக்கிறதா? ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டால் பதிலை அவர் சொல்கிறாரா, பக்கத்தில் நிற்கும் நர்சு சொல்கிறாரா?

பிறகு தகப்பனாரையே ஒரு நாள் அழைத்துப் போக வேண்டும். பல குடும்பங்கள் செய்யாமல் விடுவது இது. பெண் பார்க்கப் பத்துப் பேர் போகிறோம். ஒரு மனிதர் கடைசிக் காலத்தைக் கழிக்கப் போகும் இடத்தைப் பார்க்க அவரையே கூட்டிப் போவது இல்லை!

நம் மகள் கூட்டிப் போகிறாள் என்று வைத்துக் கொள்வோம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் பூந்தொட்டியைப் பார்க்கவில்லை. டெலிவிஷனைப் பார்க்கவில்லை. அறைக்குள் போனதும் கட்டிலைப் பார்க்கிறார். சுவரைப் பார்க்கிறார். இடது கையால் எதையோ தேடுகிறார்.

"என்ன அப்பா வேணும்?"

அவர் திக்கித் திக்கிக் கேட்கிறார்: "மணி... எங்கே... கூப்பிட?"

கூப்பிடு மணியின் பொத்தான் கட்டிலுக்கு வலது பக்கச் சுவரில் இருக்கிறது.

மகள் நிர்வாகியைப் பார்க்கிறாள். நிர்வாகி நர்சைப் பார்க்கிறார். நர்சு ஒன்றும் சொல்லாமல் குனிந்து, பூட்டைத் தளர்த்தி, கட்டிலைத் தள்ளித் திருப்பிப் போடுகிறார். இப்போது பொத்தான் இடது பக்கம் வந்து விட்டது.

பெரியவர் கையை நீட்டி அமுக்குகிறார். மணி அடிக்கிறது. நடைக்கோடியில் இருந்து யாரோ வேகமாக நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்கிறது.